ஒளிந்திருக்கும் தெரு ஓவியங்களையும் ஊரின் விநோதங்களையும் கண்ணில் படவைப்பது எப்படி?

"இந்த நகரத்தில் பார்க்க வேண்டிய பத்து சுவரோவியங்கள்" என்று ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பத்தைப் பார்ப்பீர்கள், படம் எடுப்பீர்கள், கால் வலிக்க வீட்டுக்கு வருவீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. மெல்போர்னின் ஹோசியர் லேன், மயாமியின் வின்வுட், டெல்லியின் லோதி காலனி, பெர்லின் சுவரில் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு எஞ்சியிருக்கும் ஈஸ்ட் சைட் கேலரி எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அங்கே ஓவியம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறோம். கூரை இல்லாத கண்காட்சி, அவ்வளவுதான். நான் இங்கே சொல்லப்போவது வேறு. ஏதோ வேலையாகப் போகிற வழியில் ஒரு தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கட்டைவிரல் உயரத்தில் யாரோ வரைந்துவிட்டுப் போன ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, "இதை யார் வரைந்தது, எதற்கு?" என்று போகிற வேலையை மறந்து இரண்டு நிமிடம் நின்றுவிடுகிறோமே, அந்த மாதிரி விஷயங்கள்.

இதைத் தேடிப் போய்ப் பிடிப்பது கஷ்டம். கண்ணில் படுகிற வாய்ப்பை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். பல வருடமாகத் தெருத்தெருவாக அலைந்ததில் எனக்குப் புரிந்தது கொஞ்சம் சப்பென்று இருக்கும், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: புதுப்புது வழியாகப் போவதைவிட ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போனால்தான் அதிகம் கிடைக்கிறது.

ஒரே வழி, பல தடவை

புது இடத்துக்கு முதல் தடவை போகும்போது எல்லாமே புதிது. ஆகவே எதுவும் விநோதமாகத் தெரியாது. அந்தக் கம்பத்தில் இருக்கும் ஸ்டிக்கர் நேற்று வந்ததா, பத்து வருடமாக இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? அதே வழியில் பத்தாவது தடவை போகும்போது நிலைமை வேறு. எது எங்கே இருக்க வேண்டும் என்று கண்ணுக்கு ஒரு கணக்கு வந்துவிடும். கணக்குத் தப்பினால் கால் தானாக நிற்கும்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். முக்கால் மணி நேரத்துக்குமேல் நடக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் இரண்டாம் வாரமே விட்டுவிடுவீர்கள், இது அனுபவத்தில் சொல்வது. அந்த வழியில் ஒரு பெரிய சாலை, கடைகளின் பின்பக்கம் போகும் ஒரு சந்து, மேம்பாலத்துக்கோ ரயில் பாதைக்கோ அடியில் போகும் ஒரு துண்டு, முடிந்தால் கட்டட வேலை நடக்கும் ஓர் இடம், இவை நான்கும் இருக்கட்டும். தெரு ஓவியர்களுக்குப் பிடித்த இடங்கள் பெரும்பாலும் இவைதான், காரணம் ரொம்ப எளிது. பின்சந்தில் ராத்திரி ஆள் நடமாட்டம் இல்லை. பாலத்தின் அடியில் மழை படாது, சொந்தக்காரர் என்று ஒருவர் வந்து கத்தமாட்டார். கட்டட வேலைக்கு அடைத்திருக்கும் தகரமும் பலகையும் எப்படியும் சில மாதத்தில் போகப்போகிறவை, அவற்றை அழிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

வாரம் ஒரு தடவை அந்த வழியில் போங்கள். ஒரு வாரம் இந்தப் பக்கமிருந்து, அடுத்த வாரம் அந்தப் பக்கமிருந்து. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் சாலைப் பலகைகளின் முதுகு, தூண்களின் மறுபக்கம், படிக்கட்டின் எழுந்து நிற்கும் முகப்பு எல்லாம் ஒரு திசையில் போனால் மட்டும்தான் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்குப் பலகையின் முதுகு என்றால் உயிர். பின்பக்கம் வெறும் தகரம், எழுத்தை மறைப்பதில்லை, அதனால் அவசரமாக வந்து உரிப்பாரும் இல்லை.

அழித்த இடத்தைப் பாருங்கள்

இதைப் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். சுவர் ஒரு நிறம், நடுவே சாம்பலோ பழுப்போ வேறு நிறத்தில் சதுரம் சதுரமாகப் பூச்சு இருக்கும். அங்கே ஏதோ எழுதியிருந்தது, யாரோ வந்து பூசிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தச் சுவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பூசிய இடத்தில் மறுபடி வரைவார்கள், மறுபடி பூசுவார்கள், இப்படியே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாக்குவாதம் அது. சில சுவர்களில் வேறு வேறு சாயலில் நாலைந்து அடுக்குப் பூச்சு சேர்ந்து, வரைந்ததைவிட அழித்தது அழகாகிவிடுகிற கூத்தும் உண்டு.

போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரத்தில் இதை ஒரு போராட்ட முறையாகவே ஆக்கினார்கள். 1980-களில் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துச் சுவரில் எழுதிய கோஷங்களை ஆட்கள் வந்து பெயிண்ட் பூசி மறைப்பார்கள். 'ஆரஞ்சு மாற்று' என்ற குழுவினர் அந்தப் பூச்சுத் திட்டுகளின் மேலேயே போய்க் குள்ளர்களை வரைந்தார்கள். குள்ளனை வரைந்ததற்காக ஒருவனைப் பிடித்தால் பிடிக்கிற போலீஸ்காரர்தான் கோமாளி ஆவார், அதுதான் திட்டம். அந்த நினைவாக 2001-ல் அங்கே ஒரு குள்ளனுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2005-லிருந்து சின்னச் சின்னதாக மற்ற குள்ளர்களும் வரத் தொடங்கி, இன்றைக்கு நூற்றுக்கணக்கில் நகரமெங்கும் நிற்கிறார்கள், ஜன்னல் விளிம்பில், விளக்குக் கம்பத்தில், கதவோரத்தில். பெரும்பாலானவை முழங்கால் உயரம்கூட இல்லை. குழந்தைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், அவர்கள் கண் அந்த உயரத்தில்தானே இருக்கிறது.

இங்கேயே ஒரு குறிப்பு: கூட ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். கிடைப்பதும் இரண்டு மடங்கு.

கண் எங்கே இருக்க வேண்டும்

நடக்கும்போது நாம் பார்ப்பது நேர் எதிரே, முகத்தின் உயரத்தில், ஒரு சின்னப் பட்டை. மிச்சமெல்லாம் பார்க்காமலே போகிறோம். அதனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முழுக்கத் தலைக்கு மேலே, அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே.

மேலே பார்க்கிற நாளில் தெருமுனைக் கட்டடங்களின் முதல் மாடி உயரத்தைக் கவனியுங்கள், முக்கியமாகத் தெருப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில். பாரிஸைச் சேர்ந்த இன்வேடர் என்பவர் 1998 முதல் பழைய வீடியோ கேம் உருவங்களைச் சின்ன ஓடுகளால் செய்து சுவர்களில் ஒட்டிவருகிறார். உலகம் முழுக்க 4,000-க்கு மேல் இருக்கின்றன, நிறைய பெருநகரங்களில் உண்டு. கை எட்டாத உயரம், சிமெண்ட் வைத்து ஒட்டியது, அதனால்தான் நிலைத்து நிற்கிறது. இவற்றைப் படம் எடுத்தால் மதிப்பெண் தரும் ஒரு செயலியும் இருக்கிறது. அதற்கு அடிமையாகி ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

லண்டனின் சோஹோ பகுதியில் சுவர்களில் மூக்குகள் இருக்கின்றன. ஆமாம், மூக்கு. மனித மூக்கு, பிளாஸ்டரில் செய்தது, தனியாகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு மூக்கையும் கண்டுபிடித்தவருக்குச் செல்வம் கொட்டும் என்று கதை கட்டிவிட்டார்கள். அட்மிரால்ட்டி வளைவில் இருக்கும் மூக்கு நெப்போலியனுடையது, குதிரை வீரர்கள் போகும்போது அதைத் தடவிவிட்டுப் போவார்கள் என்று இன்னொரு கதை. உண்மையில் ரிக் பக்லி என்ற கலைஞர் 1997-ல் தெருவெங்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகுவதைக் கிண்டல் செய்ய, அந்தக் கேமராக்களின் மூக்குக்குக் கீழேயே, முப்பத்தைந்து மூக்குகள் போல ஒட்டிவிட்டுப் போனார். பல வருடம் கழித்து 2011-ல்தான் அவர்தான் ஆள் என்பது ஊருக்குத் தெரிந்தது. இடையில் இருந்த பதினான்கு வருடத்தில் மூக்குக்கு ஒரு சரித்திரமே முளைத்துவிட்டது பாருங்கள். ஆகவே ஒரு விநோதத்தைப் பார்த்து அதற்கு யாராவது கதை சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், நம்புவது அப்புறம்.

கீழே பார்க்கிற நாள் எனக்கு இன்னும் பிடிக்கும். அதே லண்டனில் பென் வில்சன் என்பவர் நடைபாதையில் படுத்துக்கொண்டு, அங்கே துப்பி நசுங்கிக் கிடக்கும் சூயிங்கத்தின் மேல் ஓவியம் வரைகிறார். மில்லேனியம் பாலத்தின் மேல் நிறைய வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சூயிங்கம் நகராட்சியின் சொத்து இல்லை, துப்பியவருடைய குப்பை, அதன் மேல் வரைந்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது எப்படி ஆகும் என்பது அவர் வாதம். அமெரிக்காவில், முக்கியமாக ஃபிலடெல்பியாவில், சாலைத் தாரிலேயே பதிந்த எழுத்துப் பலகைகள் கிடக்கின்றன. டாயன்பீ டைல்ஸ் என்று பெயர். 1980-களிலிருந்து தென்படுகின்றன, இறந்தவர்களை வியாழன் கிரகத்தில் உயிர்ப்பிப்பது பற்றிப் புரியாத ஒரே செய்திதான் மறுபடி மறுபடி. லினோலியம் தரைவிரிப்பை வெட்டித் தார்ச் சாலையில் வைத்துவிட்டால் மேலே ஓடும் வண்டிகளே அழுத்திப் பதித்துவிடும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையைக் கடக்கிற நேரம் மட்டும்தான் வாய்ப்பு. பார்த்துக் கடங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் இடுக்குகள். உடைந்த சுவரின் ஓட்டையைப் பொம்மைக் கட்டைகளால் அடைத்துவிட்டுப் போகும் வேலையை யான் வோர்மன் என்ற ஜெர்மானியர் 2007-ல் இத்தாலியின் ஒரு சின்ன ஊரில் தொடங்கினார், பிறகு பல நாடுகளில் யார் யாரோ தொடர்ந்தார்கள். ஸ்லிங்காச்சு என்ற கலைஞர் பொம்மை ரயிலோடு வரும் மனித உருவங்களைத் தெருவில் ஒரு காட்சியாக அமைத்து, படம் எடுத்து, அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர். தேங்கிய தண்ணீரில் நீந்தும் ஆள், குப்பைக்கு நடுவே குடும்பம். யாராவது மிதித்துவிட்டால் போயிற்று. மின்சாரப் பெட்டி, தபால் பெட்டி, மழைநீர்க் குழாய், ஜன்னல் கம்பிக்குக் கீழே இருக்கும் விளிம்பு, இவற்றையெல்லாம் போகிற போக்கில் ஒரு பார்வை பாருங்கள். கையால் தொட வேண்டாம்.

நேரமும் மழையும்

ஞாயிறு விடியற்காலை. வேறு யோசனையே வேண்டாம். கடைகள் மூடியிருக்கும்போதுதான் ஷட்டர்கள் இறங்கியிருக்கும், ஷட்டரில் வரைந்த படம் கடை திறந்துவிட்டால் சுருண்டு மேலே போய்விடும். பகலில் மட்டுமே ஒரு கடைத்தெருவைப் பார்த்தவர் அதில் பாதியைப் பார்க்கவே இல்லை.

காலை வெயில் சுவரில் சாய்வாக விழும்போது புடைப்பும் பள்ளமும் தெரியும். லிஸ்பனைச் சேர்ந்த வீல்ஸ் மாதிரி, பெயிண்ட் அடிக்காமல் சுவரைக் கொத்திக் கொத்தியே முகம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உச்சி வெயிலில் அது வெறும் காரை பெயர்ந்த சுவர் மாதிரித் தட்டையாகத் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் கண் முழிக்கும்.

மழை நின்றவுடன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சியாட்டிலில் பெரெகிரின் சர்ச் என்பவர் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சைக் கொண்டு நடைபாதையில் படமும் எழுத்தும் போட்டார். வெயிலில் ஒன்றுமே தெரியாது. மழையில் சுற்றியுள்ள சிமெண்ட் நனைந்து கருக்க, பூச்சு இருக்கும் இடம் மட்டும் காய்ந்து வெளுத்து நிற்கும். இந்த வித்தை பல ஊர்களுக்குப் போயிருக்கிறது. உங்கள் தெருவில் அது இல்லாவிட்டாலும் நனைந்த சுவரில் பழைய விளம்பர எழுத்துகள் மேலெழுந்து வருவதைப் பார்க்கலாம், கையால் எழுதிய காலத்தது, வெள்ளைப் பூச்சுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் கட்டடத்தை இடிக்கும்போது ஓடிப் போங்கள். பல வருடம் மறைந்திருந்த பக்கச் சுவர் சில மாதம் மட்டும் வெளியே தெரியும். மாடி மாடியாக ஒட்டியிருந்த வீடுகளின் நிறம், படிக்கட்டின் ஏறுமுகத் தடம், அந்தரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடி அலமாரி. யாரும் ஓவியமாக நினைத்துச் செய்ததல்ல, ஆனால் நான் பார்த்ததில் மறக்காத சுவர் அப்படி ஒன்றுதான்.

சுவரைப் படிப்பது

கொஞ்சம் எழுத்தறிவு இருந்தால் சுவர் இன்னும் பேசும். ஒரே கோட்டில் கிறுக்கிய கையெழுத்து டேக். வேகமாக இரண்டு நிறத்தில் குண்டுகுண்டாக ஊதிய எழுத்து த்ரோ-அப். நேரம் எடுத்து, நிழல் வைத்து, பல நிறத்தில் செய்தது பீஸ். டேக் என்றால் முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் எல்லா டேக்கும் பிடிக்காது. ஆனால் ஒரே டேக்கைத் தொடர்ந்து போனால் அந்த ஆள் எந்த வழியில் வீட்டுக்குப் போகிறார் என்றுகூட ஊகிக்கலாம். நியூயார்க்கில் டாக்கி 183 என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் தபால், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார். போகிற இடமெல்லாம் எழுதினார். 183 அவர் வீடு இருந்த தெருவின் எண். 1971-ல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியதும் ஊரில் எண்ணோடு கையெழுத்துப் போடும் பழக்கம் பரவிவிட்டது.

அனுமதியோடு வரைந்ததா, திருட்டுத்தனமாக வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையைப் பாருங்கள். நிறுவனத்தின் சின்னமோ விழாவின் பெயரோ இருந்தால் அனுமதி. ஏணியோ சாரமோ கட்டாமல் எட்டாத உயரம், முழுச் சுவருக்கும் அடிப்பூச்சு, இவையும் அனுமதியின் அடையாளம். ஸ்டென்சில் (வெட்டிய அட்டையை வைத்து மேலே பெயிண்ட் தெளிப்பது) என்றாலோ முன்பே காகிதத்தில் வரைந்து பசை தடவி ஒட்டியது என்றாலோ பெரும்பாலும் சில நிமிட வேலை. வீட்டில் நிதானமாகச் செய்து, தெருவில் வேகமாக முடிப்பதற்காகவே கண்டுபிடித்த முறைகள் இவை. காகிதத்தில் செய்தது மழைக்கும் வெயிலுக்கும் ஓரம் சுருண்டு உரியும், உரிகிற விதமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஓவியம் அந்த இடத்தில் இருக்கும் பொருளைப் பயன்படுத்திக்கொள்கிறதா என்று பாருங்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 2012-ல் எர்னெஸ்ட் சக்கரேவிச் வரைந்த இரண்டு குழந்தைகள் ஓட்டும் சைக்கிள் நிஜச் சைக்கிள், சுவரில் சாய்த்து வைத்தது. ஃபிளாரன்ஸில் வாழும் கிளே அப்ராம் நுழையக்கூடாது என்ற சாலைக் குறியில் இருக்கும் வெள்ளைப் பட்டையை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுகிறார். இப்படிப்பட்டவற்றை வேறு இடத்துக்குப் பெயர்த்தால் செத்துவிடும். எனக்கு அதுதான் அளவுகோல்.

காலியான விளம்பரப் பலகைகளையும் விடாதீர்கள். கீத் ஹாரிங் 1980-லிருந்து ஐந்து வருடம் போல நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் வரைந்தது அங்கேதான். விளம்பரம் இல்லாத பலகைகளைக் கறுப்புக் காகிதம் ஒட்டி மூடிவைப்பார்கள், அவர் வெள்ளைச் சாக்பீஸால் சில நிமிடத்தில் வரைந்துவிட்டு அடுத்த ரயில் ஏறிவிடுவார்.

வரையாமலே வரைவதும் ஒரு வகை. சாவோ பாவ்லோவில் அலெக்சாண்டர் ஓரியன் 2006-ல் ஒரு வாகனச் சுரங்கத்தின் சுவரில் படிந்திருந்த புகைக்கரியைத் துணியால் துடைத்துத் துடைத்தே வரிசையாக மண்டையோடுகளைக் கொண்டுவந்தார். போலீஸ் வந்தது. சுவரைத் துடைப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடைசியில் நகராட்சி செய்ய முடிந்தது ஒன்றுதான்: தண்ணீர் லாரியோடு வந்து சுரங்கத்தைக் கழுவியது. ஆகவே அழுக்குச் சுவரில் சுத்தமான இடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

யாரும் வரையாத விநோதங்கள்

ஓவியம் வேண்டாம், ஊரின் கோணங்கித்தனமே போதும் என்பவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு நல்ல ஆயுதம் கிடைத்திருக்கிறது. அகாசெகாவா கென்பே என்ற கலைஞர் 1972-ல் தோக்கியோவின் யோட்சுயா பகுதியில் ஒரு படிக்கட்டைப் பார்த்தார். ஏறினால் மேலே கதவு இல்லை, சுவர்தான். அடுத்த பக்கம் இறங்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அதன் கைப்பிடியை யாரோ ஒழுங்காகப் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். எதற்கும் உதவாது, ஆனால் பராமரிக்கிறார்கள். பிற்பாடு இப்படிப்பட்டவற்றுக்குத் தாமசன் என்று பெயர் வைத்தார். கேரி தாமசன் என்ற அமெரிக்கப் பேஸ்பால் வீரர் 1980-களின் தொடக்கத்தில் பெரும் சம்பளத்துக்கு ஜப்பானிய அணிக்கு வந்து, மட்டையை வீசிக்கொண்டே இருந்தார், பல தடவை பந்து படவில்லை. பாவம் அவர், ஒரு மொழியில் பயனற்றதன் பெயராகவே ஆகிவிட்டார்.

தாமசன் எல்லா நகரத்திலும் உண்டு. இரண்டாம் மாடியில் வெறும் ஆகாயத்துக்குத் திறக்கும் கதவு. செங்கல் வைத்து அடைத்துவிட்ட ஜன்னலுக்கு மேலே இன்னும் ஒழுங்காக நிற்கும் வெயில் மறைப்பு. கேட் மட்டும் பூட்டோடு நிற்கும், இரண்டு பக்கமும் மதில் இல்லை. மரம் வளர்ந்து விழுங்கிவிட்ட கம்பி வேலி. ஒன்றைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை யாராவது இன்னும் கவனித்துக்கொள்கிறார்களா? வெறுமனே பாழடைந்தது கணக்கில் வராது. பெயிண்ட் அடித்து, துடைத்து வைத்திருந்தால்தான் தாமசன்.

விநோதத் தருணங்களுக்கு நடப்பதைவிட உட்காருவது மேல். நாலு பக்கமும் ஆள் போய்வருகிற ஒரு சந்திப்பில், பேருந்து நிறுத்தத்திலோ படிக்கட்டிலோ ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது, சலிப்பாக இருக்கும், எழுந்துவிடத் தோன்றும். அதைத் தாண்டிவிட்டால் ஒரே ஆள் மூன்றாவது தடவை அதே பக்கம் போவது தெரிய ஆரம்பிக்கும். ஒரு தடவை நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் வைத்துக்கொண்டு நெரிசலில் போனார். அவர் திரும்புகிற பக்கமெல்லாம் ஒரு துண்டு வானம் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

பார்க்காமல் போவதில் நாம் எல்லாருமே கெட்டிக்காரர்கள்தான். 2013 அக்டோபர் 13 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் ஒரு வயதானவர் ஸ்டென்சில் படங்களைப் பரப்பி வைத்து, ஒன்று 60 டாலர் என்று விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம், தான் யாரென்று காட்டிக்கொள்ளாத உலகப் புகழ்பெற்ற தெரு ஓவியர் பேங்க்ஸியின் கையெழுத்திட்ட அசல். நாள் முழுக்க மூன்றே பேர்தான் வாங்கினார்கள், அதில் ஒரு அம்மா பேரம் பேசிப் பாதி விலைக்கு இரண்டு வாங்கினார். மொத்த வசூல் 420 டாலர்.

வழி தேர்ந்தெடுக்க சலிப்பாக இருந்தால் குருட்டு விதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முதல் இடது, இரண்டாவது வலது, மறுபடி முதல் இடது என்று ஒரு மணி நேரம். அல்லது சிவப்பாக எது தெரிகிறதோ அந்தப் பக்கம். 1955-ல் பிரெஞ்சு எழுத்தாளர் கி டெபோர் தன் நண்பர் ஒருவர் லண்டன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ஹார்ஸ் பகுதியில் சுற்றியதாக எழுதினார். நானும் வேறு ஊர் வரைபடத்தோடு முயன்று பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் ஒரு முட்டுச் சந்தில் ஒரு நாயோடு தனியாக நின்றேன். ஒரு தடவைக்கு வேடிக்கைதான், பழக்கமாக்க வேண்டாம்.

போனில் செய்யக்கூடியது

கிளம்பும் முன் கொஞ்சம் துழாவலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தன்னார்வலர்கள் கலைப்பொருள்களைத் தனியாகக் குறித்திருப்பார்கள், சுவரோவியம், மொசைக், சிலை என்று வகையும் போட்டிருக்கும். பெரிய தளங்கள் எதிலும் வராத சின்னச் சின்னது அதில் இருக்கும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்தால் பல இடங்களுக்குப் பழைய வருடப் படங்களும் கிடைக்கும். உங்கள் பூச்சுச் சுவரில் முன்பு என்ன இருந்தது என்று அதில் பார்க்கலாம், எனக்கு ராத்திரித் தூக்கம் கெட்டது அதனால்தான்.

படம் எடுக்கும்போது இரண்டு எடுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று தெருவோடு சேர்த்துத் தூரத்தில். கிட்டத்தில் எடுத்ததை மட்டும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எங்கே எடுத்தோம் என்றே தெரியாது. முடிந்தால் ஒரே சுவரை ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு தடவை. பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் லண்டனில் பேங்க்ஸி ஒன்பது நாளில் ஒன்பது விலங்குகளை வெளியிட்டபோது, ஓநாய் இருந்த டிஷ் ஆன்டெனாவை வெளிவந்த அன்றைக்கே முகமூடி ஆட்கள் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நியூயார்க்கில் கிராஃபிட்டிக்குப் புகழ்பெற்ற ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தை 2013-ல் ஒரே ராத்திரியில் வெள்ளையடித்தார்கள். அதற்காக 21 கலைஞர்களுக்கு 67 லட்சம் டாலர் தரும்படி 2018-ல் தீர்ப்பு வந்தது, ஓவியம் வரவில்லை.

சில எல்லைகள்

ரயில் பாதைக்குள் இறங்காதீர்கள். கைவிட்ட கட்டடத்துக்குள் தனியாகப் போகாதீர்கள், தரை உறுதியாகத் தெரியும், இருக்காது. பாலத்துக்கு அடியில் யாராவது தங்கியிருந்தால் அது அவர்கள் வீடு. அவர்கள் படுக்கைக்குப் பின்னால் உலகத்திலேயே சிறந்த ஓவியம் இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தூக்க வேண்டும், வேண்டாம் என்றால் அப்படியே திரும்ப வேண்டும். பேச்சுக் கொடுத்தால் வரைந்தவர் எப்போது வந்தார், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டால் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். சின்னதாக, கையால் பெயர்க்கக்கூடியதாக இருப்பதன் சரியான இடத்தை இணையத்தில் போடாதீர்கள், அடுத்த வாரம் அங்கே ஓட்டைதான் இருக்கும். படத்தை விற்கவோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ நினைத்தால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள், பொது இடத்துக் கலையைப் படம் எடுத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

மூன்று நான்கு நடை போயும் ஒன்றும் கிடைக்கவில்லையா? வழியை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிறு காலை, மழைக்கு மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமாக நடந்து வாருங்கள்.